கறளேறிய கருவிகள் கூறும் வரலாறு

அமெரிக்காவின் பென்சில்வேனிய நாட்டுப்புறங்களில், பண்ணையொன்று கைமாறும்போதும் குடும்பத் தலைவர் இறந்துபடும்போதும், வீட்டிலும் களஞ்சியத்திலும் உள்ளவற்றை முற்றத்தில் வைத்து ஏலங்கூறுதல் நெடுங்கால வழக்கம். குதிரையும் பசுவும் வண்டியும் கட்டிலும் நல்ல விலைக்குப் போகும். எல்லாம் விற்றுத் தீர்ந்து கூட்டம் கலையுந் தறுவாயில், எவரும் விரும்பாத பண்டங்கள் ஒன்றாகக் குவிக்கப்பட்டுக் கேட்ட விலைக்குத் தள்ளப்படும். பிடி கழன்ற வாய்ச்சி, பல் மழுங்கிய வாள், அலகு கறள் தின்ற சீவுளி, நூற்குஞ் சக்கரம், வைக்கோலால் முடைந்த தேன்கூடு என்பன அக்குவியலிற் கிடக்கும். ‘பென்னிக் குவியல்’ என்று அதற்குப் பெயர். கைத்தொழில் வரலாற்றில் ஒரு புதிய துறை பிறந்த இடம் அந்தப் பென்னிக் குவியலே எனின் அது மிகையன்று.

1897ஆம் ஆண்டின் இளவேனிற் பருவத்தில், பக்ஸ் மாவட்டத்து டொயில்ஸ்டவுண் என்னும் ஊரைச் சேர்ந்த ஹென்றி சாப்மன் மேர்சர் என்பவர், இத்தகைய குவியல்களை வாங்கிச் சேர்த்துவைக்கும் ஒருவரின் வளவுக்குச் சென்றார். பழைய முறையில் அமைந்த கணப்படுப்பு ஒன்றுக்கு இடுக்கி ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. இடுக்கியைத் தேடிக் குவியலைக் கிளறியவர், பெயர் மாத்திரம் கேள்விப்பட்டிருந்த பண்டங்கள் பலவற்றை ஒரே இடத்திற் கண்டார். பென்சில்வேனியாவின் வரலாறே தம் காலடியில் கறளேறிக் கிடக்கின்றது என்னும் எண்ணம் அப்பொழுதுதான் தமக்கு உதித்ததென்று அவர் பிற்காலத்தில் எழுதிவைத்தார்.

இடுக்கி தேடிவந்த மற்றொருவர் இடுக்கியை எடுத்துக்கொண்டு போயிருப்பார். மேர்சர் அவ்வாறு போகாமைக்குக் காரணம் அவர் பெற்றிருந்த பயிற்சியாகும். 1856இற் பிறந்த அவர் ஹார்வார்டிற் பட்டம் பெற்றுச் சட்டமும் பயின்றவர். எனினும் மனம் சென்றது மண்ணை அகழ்வதிலே. பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தின் காட்சிச்சாலையில் அமெரிக்கத் தொல்லியற் பிரிவுக்குப் பொறுப்பாளராயிருந்து, 1895இல் மெக்சிக்கோவின் யூக்கட்டான் பகுதிக்குச் சென்று குகை குகையாக ஆதிமனிதனின் சுவட்டைத் தேடினார். பல்லாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட கல்லுளி ஒன்றைக் கண்டால் அதனைப் பஞ்சிற் பொதிந்து எண்ணிட்டுப் பேணுகின்ற தொல்லியலார், பாட்டனார் கையாண்ட இரும்புளியைப் பழைய இரும்பு வாங்குவோனுக்குக் கொடுத்துவிடுகின்றனர் என்ற முரண்பாடு அவரை உறுத்தியது. தொலைவிலுள்ள காலத்திலிருந்து தொடங்காமல், நேற்றைய நாளிலிருந்து பின்னோக்கிச் செல்லும் தொல்லியல் ஒன்று வேண்டுமென்று அவர் கருதினார். தொல்லியலைத் தலைகீழாகத் திருப்புவதென்று அதனை அவரே வருணித்ததுண்டு.

அவ்வாண்டிலேயே எழுநூற்றுக்கு மேற்பட்ட பொருள்களைத் திரட்டி, ‘தேசத்தை உருவாக்கிய கருவிகள்’ என்னும் கருத்துடைய தலைப்பிற் கண்காட்சி ஒன்றை நடத்தி, விவரப்பட்டியல் ஒன்றையும் அச்சிட்டார். தேசத்தை உருவாக்கியோர் படைத்தலைவரும் சட்டமன்றத்தினருமே என்று பாடசாலைகள் கற்பித்துவந்த நாளில், கோடரியையும் வாய்ச்சியையும் அவ்விடத்தில் அமர்த்துவதற்குத் துணிவு வேண்டும். பின்னர் முப்பது ஆண்டுக்கு மேலாக அவர் சேகரித்தலை நிறுத்தவில்லை. கருவியை வாங்கியதோடமையாது, அதனைக் கையாண்ட முதியோர் உயிரோடிருப்பின் அவரிடம் அதன் பெயரையும் பிடிக்கும் முறையையும் கேட்டறிந்தார். 1921 முதல் ருடொல்ப் ஹொம்மல் என்பவரைச் சீனாவுக்கும் அனுப்பி, அந்நாட்டுத் தொழிலாளர் கருவிகளைப் படமெடுத்தும் வாங்கியும் வரச்செய்தார். அப்பயணத்தின் பயனாய் விளைந்த நூல் மேர்சர் இறந்து ஏழாண்டின் பின், 1937இல் வெளிவந்தது.

சேகரித்த பொருள்களை வைப்பதற்கு அவர் எழுப்பிய கட்டடம் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். மேர்சர் சிறுவராயிருந்தபோது, அவர் தாயின் உடன்பிறந்தாள் ஐரோப்பாவிற் சேர்த்த பழங்காலப் போர்க்கவசங்கள் 1872இல் போஸ்டன் நகரை அழித்த பெருந்தீயில் எரிந்தொழிந்தன. அச்செய்தியை அவர் மறந்தாரல்லர். 1913 முதல் 1916 வரை, சில வேலையாட்களையும் ஒரு குதிரையையும் துணைக்கொண்டு, சுவரும் தூணும் கூரையும் சாளரச் சட்டமும் யாவும் கொங்கிறீற்றாலாய மாளிகை ஒன்றைக் கட்டி, தம் ஊர் வரலாற்றுக் கழகத்துக்கு அளித்தார். திமிங்கில வேட்டைப் படகும் பாரவண்டியுங்கூட அதன் நடுக்கூடத்தில் அந்தரத்தில் தொங்குகின்றன. அறுபதுக்கு மேற்பட்ட தொழில்களின் கருவிகள் அங்கே உள. மரத்தாற் செய்த பிடிகளைக் காக்க மரமே இல்லாத வீடு ஒன்றைக் கட்டினார் என்பது சற்று வேடிக்கையாகத் தோன்றினும், தீயை அறிந்தவர்க்கு அதன் நியாயம் விளங்கும்.

இனி, அக்கருவிகள் கூறுவன யாவை? 1929இல் நூலாக வந்த ‘பண்டைத் தச்சர் கருவிகள்’ என்னும் மேர்சரின் ஆராய்ச்சி, கருவிகளை அகரவரிசையில் அடுக்காது, செய்யுந் தொழிலின் வழியே வகுத்தது. மரத்தை வீழ்த்திப் பிளப்பன, அளப்பன, பற்றிப் பிடிப்பன, மேற்பரப்பைச் செம்மைசெய்வன, உருக்கொடுத்துப் பொருத்துவன, இணைப்பன என்று ஒரு வீடு எழும் ஒழுங்கிலேயே நூல் செல்கின்றது. அதைக் கற்பவர்க்குத் தெளிவாகும் உண்மை ஒன்றுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்கத் தச்சர் கைக்கொண்ட சீவுளியை, கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் மூழ்கிய பொம்பேயிற் கிடைத்த சீவுளியின் பக்கத்தில் வைத்தால், இரண்டும் ஒரே குடும்பத்தவை என்பது குழந்தைக்கும் விளங்கும். ஆயிரத்தெழுநூறு ஆண்டுகளில் மாறியது அவ்வளவு சொற்பம். மாற்றமெல்லாம் அடுத்த நூறாண்டில் வந்தது.

கருவி விட்டுச்செல்லும் சுவட்டையும் மேர்சர் படித்தார். பழைய வீடுகளின் வயதைத் துணிவது பற்றி 1923இல் அவர் நிகழ்த்திய சொற்பொழிவில், குடும்பக் கதைகளை நம்பாது, ஆணியையும் திருகாணியையும் பலகையிலுள்ள வாட்சுவட்டையும் சாட்சிக்கு அழைத்தார். கொல்லன் அடித்த ஆணிக்கும் பொறி வெட்டிய ஆணிக்கும் வேறுபாடுண்டு. மரத்திருகாணியின் நுனி மொட்டையாயிருப்பின் அது முற்காலத்தது; கூராயிருப்பின் பெரும்பாலும் 1846க்குப் பிற்பட்டது. கதவொன்றின் பிணைச்சலைக் கழற்றித் திருகாணியின் நுனியைப் பார்த்தே, அந்தக் கதவு பாட்டனார் காலத்ததா அன்றா என்று சொல்லிவிடலாம். ஒரு பழைய திருகாணியைக் கழற்றி எறிந்து புதியதை இடுபவர், அறியாமலே ஓர் ஏட்டைக் கிழித்தவராகின்றார்.

இத்துணைச் சிறப்புடைய கருவிகள் பென்னிக் குவியலுக்கு வந்ததேன்? 1828இல் வில்லியம் வூட்வேர்த் பலகை சீவும் பொறிக்கு உரிமை பெற்றார். வட்டவாள் பொருந்திய ஆலைகள் பெருகின. சாளரமும் கதவும் தொழிற்சாலையில் விளைந்து வண்டியேறி வந்தன. தச்சர் கையிலும் மாற்றம் நிகழ்ந்தது. மரச்சீவுளியில் அலகை ஆப்பு ஒன்றே இறுக்கிப் பிடிக்கும். அலகு சற்றே இறங்கவேண்டின் மேலே தட்டவேண்டும், ஏறவேண்டின் கட்டையின் பின்புறத்திற் தட்டவேண்டும். எவ்வளவு தட்டுவதென்பது காதுக்கும் கைக்கும் தெரிந்த கணக்கு. பல ஆண்டுப் பயிற்சியாலன்றி அது வாராது. லெனாட் பெய்லி என்பவர் 1850களின் பிற்பகுதி முதலாக உரிமை பெற்ற இரும்புச் சீவுளிகளில், சிறு பித்தளைத் திருகொன்றை விரலாற் திருப்பினாலே போதும். 1869இல் அவ்வுரிமைகளைக் கனெற்றிக்கட் மாநிலத்து நியூ பிரித்தன் நகரின் ஸ்டான்லி நிறுவனம் வாங்கி உலகெங்கும் விற்றது. பித்தளைத் திருகு வந்தபின் தட்டும் கலைக்கு வேலை குறைந்தது; மரச்சீவுளி களஞ்சியத்தின் மூலையை அடைந்தது.

அந்த இரும்புச் சீவுளிக்கும் அதே விதி காத்திருந்தது. இரண்டாம் உலகப்போரின் பின் மின்னாற் சுழலும் கருவிகள் வீட்டுக்கு வீடு வந்தன. மரச்சீவுளியை ஏலத்துக்கு அனுப்பிய இரும்புச் சீவுளியைப் பேரப்பிள்ளைகள் ஏலத்துக்கு அனுப்பினர். ஆயினும் இம்முறை வாங்குவதற்கு ஆட்கள் இருந்தனர். 1933இலேயே அமெரிக்காவில் பழந்தொழில் ஆய்வோர் சங்கம் ஒன்று அமைந்திருந்தது. இங்கிலாந்தில் 1983இல் கருவிகளுக்கும் தொழில்களுக்குமான வரலாற்றுக் கழகம் தோன்றியது. டபிள்யூ. எல். குட்மன் 1964இலும், ரபாயேல் சாலமன் 1975இலும் வெளியிட்ட நூல்கள், ஏலத்திற் கைப்பற்றிய இரும்பு இன்னதென்று அறிய விழைவோர்க்கு அகராதியாயின. ஏலக்கூடத்திற் பழைய சீவுளிக்காகப் போட்டியிடுபவருள் அதனைப் பேழையில் வைத்துப் பார்ப்பவரும் உளர். மீண்டும் மரத்தின்மேல் ஓட்ட விழைபவரும் உளர். இவ்விருவர்க்கும் இடையே தீராத வழக்கு ஒன்றுண்டு. அது கறளைப் பற்றியது.

இரும்பு, காற்றிலுள்ள பிராணவாயுவோடும் ஈரத்தோடும் கூடும்போது கறளாகின்றது. கறள் தான் தின்ற இரும்பினும் பெரிய இடத்தைப் பிடிப்பது, துளைகள் நிறைந்தது, ஈரத்தை உறிஞ்சி உள்ளே அனுப்புவது. ஆதலால், பித்தளையிற் படியும் பாசிபோல அது மேலே நின்று கீழுள்ளதைக் காவாது; விட்டுவைத்தால் உட்சென்றுகொண்டே இருக்கும். கறளும் கருவியின் வரலாறே, அதனைத் தொடலாகாது என்று கூறுவோர் இவ்வுண்மையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கறள் வளரவிடப்பட்ட கருவி, சொல்லவேண்டியதைச் சொல்லுமுன்னே பொடியாகிவிடும்.

கறளை நீக்கும் வழிகள் பல. எண்ணெயிட்டு அரத்தாளால் தேய்ப்பது யாவரும் அறிந்தது. வினாகிரியில் ஓரிரவு ஊறவிடுவது மலிவானது. ஆனால் அமிலம் கறளைத் தின்றபின் நல்லிரும்பையும் தின்னத் தொடங்கும். மறந்து இரண்டு நாள் விட்டவர் சாம்பல் நிறத்துச் சொரசொரப்பான அலகையே வெளியில் எடுப்பார். மின்முறை இவற்றினும் மென்மையானது. சலவைச் சோடா கரைத்த நீரில் கருவியை மின்கலத்தின் எதிர்முனையோடும், வேண்டாத இரும்புத் துண்டொன்றை நேர்முனையோடும் இணைத்து மூழ்கவைத்தால், நல்லிரும்பு தேயாமலே கறள் இளகிக் கழன்றுவரும். அப்போது எழும் வாயு தீப்பற்றக்கூடியதாகையால் அதனைத் திறந்தவெளியிலே செய்தல் வேண்டும். நேர்முனையிற் கறள் பிடிக்காத உருக்கை இடுதலும் ஆகாது. அதிலுள்ள குரோமியம் கரைந்து நீரை நஞ்சாக்கும். வெளியிலெடுத்த இரும்பை உடனே உலர்த்தி எண்ணெய் பூசாவிடின், அரைமணி நேரத்திற் புதிய கறள் தலைகாட்டும்.

துப்புரவான அலகில் முதன்முதலாக ஒன்று தெரியவரும். பழைய சீவுளியலகு ஒரே உலோகத்தால் ஆனதன்று. உடல் மென்மையான தேனிரும்பு. வாயில் மட்டும் மெல்லிய உருக்குத் தகடொன்றைக் கொல்லன் உலையிற் காய்ச்சி ஒட்டியிருப்பான். சாணைபிடித்த சரிவில் இரண்டுக்கும் நடுவே மயிரிழைபோன்ற கோடொன்று தோன்றும். ஒருபுறம் மங்கல், மறுபுறம் பளபளப்பு. உருக்கு விலையுயர்ந்து கிடந்த காலத்தில், வெட்டும் இடத்துக்கு மாத்திரம் அதனைச் செலவிட்ட சிக்கனத்தின் கையொப்பம் அக்கோடு. 1740களில் செவ்வீல்டு நகரையடுத்த ஊரில் மணிக்கூடு செய்பவராயிருந்த பெஞ்சமின் ஹன்ஸ்மன், தம் வில்களுக்கு நல்லுருக்கு வேண்டி, மண்மூசையில் உருக்கை உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். அவ்வுருக்காற் செய்த அலகுகளில் ‘வார்ப்புருக்கு’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்கள் பொறிக்கப்பட்டிருக்கும். கறளை வழித்தெடுக்கையில் அவ்வெழுத்துக்கள் வெளிப்படுதல் வாங்கியவர்க்கு ஒரு மகிழ்ச்சி. அளவு மீறித் தேய்த்தால் அவ்வெழுத்துக்களும் கறளோடு போய்விடும் என்பதே ஆபத்து.

வாளில் இவ்வாபத்து இன்னும் பெரிது. இங்கிலாந்திற் பிறந்து, 1840இல் பிலடெல்பியாவில் வாட்பட்டறை தொடங்கிய ஹென்றி டிஸ்டனின் வாள்களில், நிறுவனத்தின் பெயர் தகட்டின்மேல் அமிலத்தால் மெல்லியதாய்ப் பொறிக்கப்பட்டிருக்கும். அதன் ஆழம் தாளின் கனத்தளவும் இராது. மின்சாணையைக் கொண்டு பத்து நிமிடத்திற் கண்ணாடிபோல் ஆக்குபவர், நூறாண்டு தாங்கிய அப்பெயரை அப்பத்து நிமிடத்தில் அழித்துவிடுகின்றார். தட்டையான கட்டையில் அரத்தாளைச் சுற்றி எண்ணெய் விட்டு மெல்லத் தேய்ப்பவர்க்கு, மேடு வெளுத்துப் பள்ளம் கறுத்து எழுத்து எழுந்துவரும். பிடியிலுள்ள பித்தளைப் பதக்கமும் ஒரு சாட்சியே. டிஸ்டனின் மகன் ஒருவர் பங்காளியானபோது ‘மகனும்’ என்றும், 1871இல் மற்றைய புதல்வரும் சேர்ந்தபோது ‘மக்களும்’ என்றும் அதில் வாசகம் மாறியது. ஒரு சொல்லின் பன்மையைக்கொண்டே வாளின் வயதைத் துணியலாம்.

காட்சிச்சாலைப் பணியாளர் வேறொரு வழியைக் கையாள்வர். உதிரும் கறளை மட்டும் நீக்கி, உறைந்து நிற்பதன்மேல் தன்னின் என்னும் துவர்ப்புச் சத்தைப் பூசுவர். கறள் கருநீலப் படலமாக மாறி அடங்கிவிடும். கடுக்காயும் இரும்பும் கூடிக் கருமை தருவதைக் கண்டவர்க்கு இது வியப்பன்று. வேலைக்கு வேண்டும் கருவிக்கோ இது போதாது. வெட்டுவாய் என்பது இரு தளங்கள் சந்திக்கும் கோடேயாகையால், அலகின் பின்முகத்திற் கறள் குடைந்த குழியொன்று இருந்தால் வாய் அங்கே அறுபடும். குழி மறையுமட்டும் தேய்த்தேயாகவேண்டும். ஆயினும் அத்தேய்ப்பு வாயையடுத்த விரலகலத்துக்கு மேற் செல்லவேண்டுவதில்லை. எஞ்சிய இரும்பு பழைய நிறத்தோடே கிடக்கலாம். புதிதுபோல் மினுங்கும் பழங்கருவியை ஏலத்திற் சிலர் விரும்பி வாங்குகின்றனர். தேர்ந்தவர் அதனைக் கண்டு முகஞ்சுளிக்கின்றனர். தேர்ந்தவர் பக்கமே நியாயம் உள்ளது.

மரக்கட்டையில் இந்நியாயம் எவ்வளவு பெரியதென்பதற்கு ஒரு சான்று உண்டு. மரச்சீவுளியின் முன்முகத்தில், மரத்தின் குறுக்குவெட்டுத் தெரியும் சிறு பரப்பில், செய்தவர் தம் பெயரை உருக்கு முத்திரையால் அடித்திருப்பார். அதற்குப் பின் அதனை ஆண்டவர் ஒவ்வொருவரும் தத்தம் பெயரை அடிப்பர். மூன்று நான்கு பெயர்கள் ஒன்றன்மேலொன்று ஏறிநிற்கும் சீவுளிகள் உள. சுத்தியல் அடியால் சிதைந்து அழுக்கேறியிருக்கும் அம்முகத்தை ஓரிழை சீவிவிட்டால் கட்டை அழகுபெறும். பெயர்கள் சுருளாய் நிலத்தில் விழும். ஆங்கில அமெரிக்கக் குடியேற்றங்களில், மாசச்சூசெற்ஸ் பகுதியிலுள்ள ரென்தம் என்னும் ஊரில் வாழ்ந்த பிரான்சிஸ் நிக்கல்சன், சான்றுகளால் அறியப்படும் முதல் அமெரிக்கச் சீவுளிவினைஞராவார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒன்பதரை அங்குலம் என்பது இவ்வகைச் சீவுளிக்கு நிலைத்த அளவாகுமுன், அப்பகுதியிற் பத்து அங்குல அளவிற் செய்தனர். முனை வெடித்த கட்டையை அரை அங்குலம் அரிந்து திருத்துபவர் அதன் காலத்தையும் சேர்த்து அரிகின்றார்.

நிக்கல்சனின் பட்டறையில் சீசர் செலொர் என்னும் அடிமை ஒருவர் தொழில் பயின்றார். நிக்கல்சன் பெயர் பொறித்த சீவுளிகளிற் சில அவர் கையால் ஆனவையாயிருத்தல் வேண்டுமென்று ஆய்ந்தோர் கருதுவர். 1753இல் நிக்கல்சன் இறந்தார். அவர் விட்ட மரணசாசனம் செலொருக்கு விடுதலையும், பத்து ஏக்கர் நிலமும், வேலைப்பலகையும் கருவிகளும் அளித்தது. அதன்பின் 1784இல் தாம் இறக்கும்வரை செலொர் தம் பெயரிலேயே சீவுளி செய்து விற்றார். ஒரு காலத்திற் பண்டமாகக் கணக்கெழுதப்பட்ட மனிதர், தாம் செய்த பண்டத்தின்மேல் தம் பெயரை அடித்தார். அப்பெயரோடு தப்பிய சீவுளிகள் இன்று அமெரிக்கக் காட்சிச்சாலைகளிலும் சேகரிப்போரிடத்தும் உள்ளன. மஞ்சட் பேர்ச்சு மரத்தின் முன்முகத்தில், விரலால் தடவினால் எழுத்துத் தட்டுப்படும்படி, மூன்று வரி இருக்கின்றது: சீசர் செலொர், வசிப்பது, ரென்தம்.